விக்டோரியா கால நாவல்களின் 'சமூக அக்கறை': எதை நம்பலாம், எதைச் சந்தேகிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. எம்.ஏ. முதலாண்டில் விக்டோரியா காலத் தாள் படிக்கிறீர்கள். எந்த நாவலை எடுத்தாலும் 'சமூக அக்கறை' பற்றி ஒரு கட்டுரைக் கேள்வி வருகிறது. வறுமை, குழந்தைத் தொழிலாளர், பெண்களின் நிலை என்று கையேட்டில் உள்ள அதே வரிகளை நாவலின் பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறோம் என்கிறீர்கள். இந்த நாவல்கள் அன்றைய இங்கிலாந்தை உள்ளபடி காட்டுகின்றனவா என்பது முதல் கேள்வி. அவற்றால் எதுவும் மாறியதா என்பது இரண்டாவது. வசதியானவர்கள் கணப்பருகே உட்கார்ந்து கண்ணீர் விடுவதற்காக எழுதப்பட்டவைதானே என்று பாதி கோபத்தோடு கேட்டிருக்கிறீர்களே, அது மூன்றாவது. எனக்கு மூன்றாவதுதான் பிடித்தது. அதைத் துரத்திக்கொண்டு போனால் மற்ற இரண்டுக்கும் வழி கிடைக்கும்.

இந்தத் தாளைக் கல்லூரியில் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். நாவல்களும் அவை தொடராக வந்த பத்திரிகைகளும்தான் எனக்குப் பழக்கம். கவிதை பற்றியோ நாடக மேடை பற்றியோ என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் நான் போகவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கறை உண்மையானது. ஆனால் அது நடுத்தர வகுப்பு எழுத்தாளர்கள், புத்தகம் வாங்க வசதியுள்ள வாசகர்களிடம், அவர்கள் முகம் சுளித்து மூடிவைத்துவிடாத அளவில் எடுத்துவைத்த வாதம். வாதத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் வருகிறது.

யார் வாங்கினார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம். 1843 டிசம்பரில் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கேரல்' வெளிவந்தபோது விலை ஐந்து ஷில்லிங். கதையில் ஸ்க்ரூஜிடம் வேலை பார்க்கும் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங். அதாவது, தன்னைப் பற்றிய கதையை வாங்க அந்த மனிதர் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். அக்காலத்து நாவல்கள் வழக்கமாக மூன்று பாகங்களாக வரும், மூன்றும் சேர்ந்து முப்பத்தொன்றரை ஷில்லிங். கிராட்சிட்டின் இரண்டு வாரச் சம்பளத்துக்கும் மேல். அதனால் பெரும்பாலோர் வாங்கவில்லை, வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள். 1842இல் சார்லஸ் மூடி என்பவர் தொடங்கிய வாடகை நூலகம் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங் சந்தா வாங்கியது. டிக்கன்ஸ் மாதம் ஒரு ஷில்லிங் வீதம் இருபது பகுதிகளாகத் தன் பெரிய நாவல்களை விற்றது இந்தச் சுவரை உடைத்த காரியம். அப்படியும் ஆலைத் தொழிலாளி எட்டும் உயரத்துக்கு அது இறங்கிவிடவில்லை. ஏழைகளைப் பற்றிய இந்த நாவல்களில் ஏழையை 'அவர்கள்' என்றும் வாசகரை 'நாம்' என்றும் வைத்துப் பேசும் குரல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

அக்கறைக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு நாவல் எப்படி வளைகிறது என்பதைப் பார்க்க 'ஹார்ட் டைம்ஸ்' போல வேறொன்று இல்லை. பாடத்திட்டத்தில் இருப்பதால் உங்களுக்கும் வசதி. 1853 இலையுதிர்காலத்தில் லங்காஷயரின் பிரெஸ்டன் நகரில் நெசவாலைத் தொழிலாளர்கள் பத்து சதவீதக் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். முதலாளிகள் ஆலைகளைப் பூட்டினார்கள். மாதக்கணக்கில் நீடித்த அந்தப் போராட்டத்தைப் பார்க்க 1854 ஜனவரி இறுதியில் டிக்கன்ஸ் நேரில் போனார். தன் வார இதழான 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்'இல் பிப்ரவரி 11ஆம் தேதி 'ஆன் ஸ்ட்ரைக்' என்ற கட்டுரையை எழுதினார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், இந்தத் தொழிலாளர்களை நசுக்க வேண்டும் என்கிறார். அவரோடு டிக்கன்ஸ் வாதாடுவதில் கட்டுரை தொடங்குகிறது. பிறகு சேவல்சண்டைக்கூடமாக முன்பு இருந்த ஓர் அரங்கில் தொழிலாளர் பிரதிநிதிகள் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் ஒழுங்கையும் பொறுமையையும் மரியாதையோடு எழுதுகிறார். கிரஃப்ஷா என்ற ஒரு வாய்ச்சொல் வீரரும் வருகிறார், உண்மையான பிரெஸ்டன் பேச்சாளர் மார்ட்டிமர் கிரிம்ஷாவின் சாயல் அவர் என்பது பொதுவான கருத்து. ஆனால் கூட்டத்தின் தலைவர் அவரை லாவகமாக அடக்கிவிடுகிறார். போராட்டம் இரு தரப்புக்கும் வீண் விரயம், நடுவர் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டும் என்பது டிக்கன்ஸின் முடிவு. நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம், ஆனால் தொழிலாளர்களை அவர் மதிக்கிறார் என்பதை மறுக்க முடியாது.

அதே ஆண்டு ஏப்ரலில் அதே இதழில் 'ஹார்ட் டைம்ஸ்' தொடங்குகிறது. நாவலின் கோக்டவுன் கூட்டத்தில் என்ன நடக்கிறது? ஸ்லாக்பிரிட்ஜ் என்ற பேச்சாளர் மேடையில் நுரைதள்ளக் கத்துகிறார், கூட்டத்தின் தலைவர் அவரைச் சற்று நேரம் உட்காரவைத்தாலும் கடைசியில் அவர் பேச்சுதான் எடுபடுகிறது. நல்லவர்களான தொழிலாளர்கள் அவர் பேச்சுக்கு மயங்கி, சங்கத்தில் சேராத ஸ்டீபன் பிளாக்பூலை ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். பிரெஸ்டனில் தலைவர் தட்டிவைத்த ஆள், கோக்டவுனில் கூட்டத்தையே ஆட்டிவைப்பவர் ஆகிவிட்டார். நேரில் பார்த்து எழுதிய கட்டுரைக்கும் அதே ஆண்டு வந்த நாவலுக்கும் நடுவே இப்படி ஒரு தூரம். கட்டுரை தொலைந்து நாவல் மட்டும் மிஞ்சியிருந்தால் 1854இன் தொழிற்சங்கம் பற்றி நாம் எவ்வளவு தவறாக எண்ணியிருப்போம்!

ஸ்டீபன் ஏன் சங்கத்தில் சேரவில்லை என்று வகுப்பில் கேட்டிருக்கிறீர்களா? தான் நேசிக்கும் ரேச்சலுக்குக் கொடுத்த வாக்கு என்கிறான். எதற்காக அப்படி ஒரு வாக்கு என்பது அச்சான நாவலில் சரியாக விளங்காது. இது வாசகரின் குறையல்ல. அச்சுக்குப் போன புரூஃப் படியில் ஒரு பகுதி இருந்தது. ரேச்சலின் தங்கை சின்னப் பெண், ஆலை இயந்திரத்தில் சிக்கிக் கை பிய்ந்துபோனவள். அதை நினைத்து ஸ்டீபன் முதலாளிகள்மேல் ஆத்திரப்படுகிறான். அப்படிப்பட்ட விஷயங்களில் தலையிடாதே என்று ரேச்சல் அவனைத் தடுக்கிறாள், வாக்கு அங்கிருந்து வருகிறது. டிக்கன்ஸ் அதை வெட்டிவிட்டார். காரணம் வெட்டுப்பட்டது, வாக்கு மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது.

இந்த வெட்டுதான் எனக்கு மிகவும் சுவாரசியமான இடம். இயந்திரங்களுக்குத் தடுப்பு வேலி போட வேண்டும் என்று 1844ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது, பல முதலாளிகள் அதை மதிக்கவில்லை. நாவல் தொடராக ஓடிக்கொண்டிருந்த அதே ஏப்ரலில் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்'இல் ஹென்ரி மார்லி 'கிரவுண்ட் இன் த மில்' என்ற கட்டுரையில் ஆலைகளில் சிதைந்த உடல்களைப் பற்றி மறைக்காமல் எழுதினார். அடுத்த ஆண்டு முதலாளிகள் இந்தச் சட்டத்தை எதிர்க்கச் சங்கம் அமைத்தபோது அதை 'தொழிலாளரைக் கூழாக்கும் சங்கம்' என்ற பொருளில் அந்த இதழ் கேலி செய்தது. அதற்காக ஹாரியட் மார்ட்டினோ டிக்கன்ஸைத் தாக்கித் தனிப் பிரசுரமே எழுதினார். ஆக, டிக்கன்ஸுக்குத் துணிச்சல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதழில் பேசியதை நாவலில் ஏன் எடுத்தார்? வார இதழின் இடநெருக்கடி என்பார்கள் சிலர். அந்தப் பகுதி இருந்தால் ஸ்டீபன் 'பாவப்பட்ட, சாதுவான தொழிலாளி'யாக நிற்க மாட்டான், கோபத்துக்கு நியாயம் உள்ளவன் ஆகிவிடுவான், வாசகரின் இரக்கம் அச்சமாக மாறியிருக்கும் என்பது என் ஊகம். வெட்டியது உறுதி, காரணம் ஊகம். தேர்வில் இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

முதல் கேள்விக்கு, அதாவது உள்ளபடி காட்டுகின்றனவா என்பதற்கு, 'ஆலிவர் ட்விஸ்ட்' இன்னொரு நல்ல சோதனை. 1834இன் புதிய ஏழைகள் சட்டம் உதவி வேண்டுவோரை ஒர்க்ஹவுஸுக்குள், அதாவது ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதிக்குள், வரச்சொன்னது. வெளியே உழைக்கும் மிக ஏழையான கூலியாளின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பது மோசமாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. கணவன், மனைவி, குழந்தைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டார்கள். இதெல்லாம் ஆவணம். நாவல் 1837 பிப்ரவரியில் தொடங்கியது, சட்டத்தின் சூடு ஆறுமுன். ஆனால் தினம் மூன்று வேளை நீர்த்த கஞ்சி, வாரம் இரண்டு வெங்காயம், ஞாயிற்றுக்கிழமை அரை ரொட்டி என்று நாவல் சொல்லும் சாப்பாடு, ஏழைகள் சட்ட ஆணையம் வெளியிட்ட உணவுப் பட்டியல்களைவிடக் கடுமையானது. பட்டியல்களே வயிற்றை நிரப்பாதவைதான், இருந்தாலும் நாவல் மிகைப்படுத்துகிறது. சரி, பொய் என்று தள்ளிவிடலாமா? 1845இல் ஆண்டோவர் ஒர்க்ஹவுஸில் எலும்பு நொறுக்கும் வேலைக்கு விடப்பட்டவர்கள் பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றார்கள் என்பது வெளியே வந்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1847இல் ஆணையமே கலைக்கப்பட்டு வேறு வாரியம் வந்தது. பட்டியலில் இருந்ததும் தட்டில் விழுந்ததும் ஒன்றல்ல. டிக்கன்ஸின் மிகை விவரத்தில் தவறு, திசையில் சரி. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒர்க்ஹவுஸில் பிறந்து, அநாதையாக வளர்ந்த ஆலிவர் பேசும் ஆங்கிலம் சுத்தமான கனவான்களின் ஆங்கிலம். கடைசியில் அவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று தெரிகிறது. அந்த மொழி இல்லாமல் அந்த வாசகர் அவனுக்காக அழுதிருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது.

எலிசபெத் கேஸ்கல் இந்த விஷயத்தில் டிக்கன்ஸைவிட நேர்மையானவர் என்பது என் தனிப்பட்ட சாய்வு. மான்செஸ்டரில் யூனிட்டேரியன் சபைப் போதகரின் மனைவி, ஏழைகளின் வீடுகளுக்குள் போய்வந்தவர். 'மேரி பார்ட்டன்' (1848) நாவலில் டேவன்போர்ட் குடும்பம் கிடக்கும் நிலவறையின் ஈரத்தையும் நாற்றத்தையும் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், வேலை இருந்த நல்ல நாளில் பார்ட்டன் வீட்டில் நடக்கும் தேநீர் விருந்து. கடைக்கு ஓடி முட்டையும் பன்றி இறைச்சியும் வாங்கிவரும் மகள், ஒழுங்காக அடுக்கிய பீங்கான். ஏழைக்கும் ருசி, பெருமிதம், விருந்தோம்பல் உண்டு என்று காட்டியவர் அன்று அதிகம் பேர் இல்லை. லங்காஷயர் வட்டார வழக்கை அப்படியே பேசவிட்டார், அதற்குக் கணவர் வில்லியம் அடிக்குறிப்பு எழுதினார். ஆலை முதலாளிகளுக்குக் கோபம் வந்தது. 1849இல் 'எடின்பரோ ரிவ்யூ'வில் டபிள்யூ. ஆர். கிரெக் நாவல் முதலாளிகளுக்கு அநியாயம் செய்கிறது என்று எழுதினார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய 'நார்த் அண்ட் சவுத்' வந்தபோது முதலாளி தார்ன்டன் நல்ல மனிதராக, கதாநாயகனாகவே ஆகிவிட்டார். கிரெக்கின் விமர்சனம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்ற அழுத்தம் அவர்மேல் இருந்தது தெளிவு.

இந்த இடத்தில் முடிவுகளைப் பாருங்கள். நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்வது இதுதான்: சமூக நாவலின் கடைசி ஐம்பது பக்கத்தை முதலில் கேள்வி கேளுங்கள். 'மேரி பார்ட்டன்' தொடக்கத்தில் ஜான் பார்ட்டனின் கதை. வேலையிழப்பு, மகன் சாவு, 1839இல் தொழிலாளருக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் மனுவோடு லண்டனுக்குப் போய் ஏமாந்து திரும்புவது எல்லாம் அதில் உண்டு. அவன் முதலாளியின் மகனைச் சுட்டதும் நாவல் திடுக்கென்று கொலை வழக்காகவும் காதல் கதையாகவும் திரும்பிவிடுகிறது. கடைசியில் அவன் மகள் மேரியும் அவள் காதலன் ஜெம்மும் கனடாவுக்குப் போய்விடுகிறார்கள். மான்செஸ்டரின் சிக்கலுக்கு விடை டொரொன்டோ! 'டேவிட் காப்பர்ஃபீல்ட்'இல் ஆஸ்திரேலியா. 'நார்த் அண்ட் சவுத்'தில் நாயகி மார்கரெட்டுக்குத் திடீரென வரும் சொத்து. டிஸ்ரேலியின் 'சிபில்' (1845) பணக்காரர், ஏழை என்ற 'இரு தேசங்கள்' பற்றிப் பேசும், ஆனால் ஏழைகளின் பக்கம் நின்ற நாயகி கடைசியில் பெரிய நிலவுடைமைக்கு வாரிசு என்று தெரியவரும். கப்பல், உயில், கல்யாணம், சாவு, இந்த நான்கில் ஒன்று வந்து முடிச்சை அவிழ்க்கும். இதை எழுத்தாளரின் கோழைத்தனம் என்று எழுதினால் மேலோட்டமாகிவிடும். சிக்கலைத் தெளிவாகப் பார்த்தவர்களுக்கு அதற்கு விடை தெரியவில்லை, நாவலோ முடிய வேண்டும். 1958இல் 'கல்ச்சர் அண்ட் சொசைட்டி'யில் ரேமண்ட் வில்லியம்ஸ் இந்தத் தொழில் நாவல்களை ஒரு கொத்தாக எடுத்து அலசிய அத்தியாயம் இன்றும் பழசாகவில்லை. பரிவும் பயமும் ஒன்றாகக் கலந்திருப்பதை அவர் காட்டும் விதத்துக்காகவே படியுங்கள்.

வாசகர் முகம் சுளிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியை விட வேடிக்கையான உதாரணம் கிடையாது. 'டெஸ்' 1891இல் 'கிராஃபிக்' வார இதழில் தொடராக வந்தது. வெள்ளம் நின்ற பாதையில் ஏஞ்சல் கிளேர் பால்பண்ணைப் பெண்களை ஒவ்வொருவராகக் கையில் தூக்கிக் கடக்கும் காட்சி உங்களுக்குத் தெரியும். தொடரில் அவன் ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து அதில் அவர்களை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவான். டெஸ் தன் குழந்தைக்குத் தானே ஞானஸ்நானம் கொடுக்கும் பகுதி தொடரிலிருந்து நீக்கப்பட்டு வேறொரு இதழில் தனியாக வந்தது. அலெக்கின் பலாத்காரமும் தொடரில் கிடையாது, போலித் திருமணம் செய்து ஏமாற்றினான் என்று மாற்றப்பட்டது. புத்தகமாக வந்தபோது பெரும்பாலானவற்றைத் திரும்பச் சேர்த்தார். நம் வார இதழ்த் தொடர்கதைகளோடு வளர்ந்த தலைமுறைக்கு இந்த நெருக்கடி புதிதில்லை. நான்கு ஆண்டு கழித்து 'ஜூட்' வந்தபோது வேக்ஃபீல்ட் பிஷப் அதைத் தீயில் போட்டதாக அறிவித்தார்.

பெண்கள் பற்றிய பகுதியில் கையேடுகள் 'ஜேன் ஐர்'ஐயே சுற்றிச்சுற்றி வரும். நான் ஆன் பிரான்ட்டியின் 'த டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' (1848) நாவலைச் சொல்வேன், ஏனென்றால் அதைச் சட்டப் புத்தகத்தோடு வைத்துப் படிக்கலாம். குடிகாரக் கணவனிடமிருந்து ஹெலன் தன் சிறு மகனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், ஒளிந்து வாழ்ந்து படம் வரைந்து விற்றுச் சாப்பிடுகிறாள். கதை நடப்பது 1820களில். அன்றைய சட்டப்படி குழந்தை தந்தைக்கே உரியது. மனைவி சம்பாதித்த காசும் கணவனுடையது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் விடும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்க வழி வந்தது 1839இல். மணமான பெண்ணின் கூலி அவளுக்கே என்ற சட்டம் 1870இல்தான். அதாவது ஹெலன் விற்ற ஒவ்வொரு படமும் சட்டத்தின் கண்ணில் கணவன் சொத்து. நாவல் எங்கும் சட்டப்பிரிவைச் சொல்வதில்லை, அந்தப் பயத்தை மட்டும் சொல்கிறது. ஆன் இறந்த பிறகு, இந்த நாவலைக் காப்பாற்றி வைப்பது விரும்பத்தக்கதாகத் தோன்றவில்லை என்று அக்கா ஷார்லட்டே எழுதினார் என்பது வருத்தமான விஷயம்.

இனி, எதையாவது மாற்றினவா என்ற கேள்வி. இதில் நீங்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'டிக்கன்ஸின் நாவல்களால் சட்டங்கள் திருத்தப்பட்டன' என்ற வரி எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. தேதிகளை அடுக்கிப் பார்த்தால் பல இடங்களில் அது நிற்காது. ஒன்பது வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை நெசவாலைகளில் வேலைக்கு வைப்பதை 1833ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது, டிக்கன்ஸ் அப்போது நாவலாசிரியரே அல்ல. 'லிட்டில் டாரிட்'இல் வரும் மார்ஷல்சீ கடன்காரர் சிறை நாவலுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1842இல், மூடப்பட்டுவிட்டது. அவருடைய அப்பா 1824இல் அங்கே அடைபட்டதும் பையனான டிக்கன்ஸ் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனதும்தான் அந்த நாவலின் ஊற்று. 'ப்ளீக் ஹவுஸ்', சொத்து வழக்குகள் நடந்த சான்சரி நீதிமன்றத்தைத் தாக்கியபோது அங்கே சீர்திருத்தம் தொடங்கியிருந்தது.

இந்தச் சந்தேகம் நம் காலத்தில் கிளம்பியதும் அல்ல. 1857 ஜூலையில் 'எடின்பரோ ரிவ்யூ'வில் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், நாவலாசிரியர்கள் பொதுக் காரியங்களைப் பற்றித் தெரியாமல் எழுதி வாசகரைத் தவறாக வழிநடத்துகிறார்கள் என்று டிக்கன்ஸைக் கடுமையாகச் சாடினார். டிக்கன்ஸ் அடுத்த மாதமே தன் இதழில் பதிலடி கொடுத்தார். இந்த ஸ்டீபன்தான் பின்னால் இந்தியாவுக்கு வந்து 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை வடித்தவர். சாட்சியம் எது, கேள்விப்பட்ட பேச்சு எது என்று பிரிப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதருக்கு நாவல் மேல் அப்படி ஓர் எரிச்சல் வந்ததில் வியப்பில்லை!

ஆனால் ஸ்டீபன் சொன்னதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 1842இல் குழந்தைகள் வேலை பற்றிய ஆணையம் சுரங்க அறிக்கையைப் படங்களோடு வெளியிட்டது. இடுப்பில் சங்கிலி கட்டி, தவழ்ந்து கரிவண்டி இழுக்கும் சிறுவர் சிறுமியரின் படங்கள். நீல அட்டை போட்டு வருவதால் இந்த நாடாளுமன்ற அறிக்கைகளுக்கு 'ப்ளூ புக்' என்று பெயர். அந்த ஆண்டே பெண்களையும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்தின் அடியில் இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆணையத்தின் அடுத்த அறிக்கையைப் படித்துக் கொதித்த டிக்கன்ஸ் 1843இல் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதப்போவதாகச் சொன்னார். பிறகு அதைவிடப் பலமான அடி கொடுக்கிறேன் என்று தள்ளிவைத்தார், வந்தது 'கிறிஸ்மஸ் கேரல்'. அதே அறிக்கைகளின் தாக்கத்தில் அதே ஆண்டு எலிசபெத் பாரெட் 'த க்ரை ஆஃப் த சில்ட்ரன்' எழுதினார். வரிசையைக் கவனியுங்கள்: அறிக்கை முதலில், இலக்கியம் பிறகு. அறிக்கையில் எண்ணாக இருந்த குழந்தைக்கு ஒரு முகமும் குரலும் கொடுத்து, அறிக்கையைத் தொடாத வீடுகளுக்குள் கொண்டுபோனது இலக்கியத்தின் வேலை. சட்டத்தை நாவல் கொண்டுவந்தது என்று எழுதாதீர்கள். சட்டத்தை எதிர்ப்பதற்கு மரியாதையான மனிதர்கள் கூசும்படி செய்தது என்று எழுதலாம். அதையும் நிறுவுவது எளிதல்ல. யார்க்ஷயர் தனியார் பள்ளிகளை 'நிக்கலஸ் நிக்கில்பி' (1838-39) தாக்கிய பிறகு அவை மளமளவென்று மூடப்பட்டன என்று டிக்கன்ஸே பின்னர் ஒரு முன்னுரையில் மகிழ்ந்துகொண்டார். நேரடியான விளைவு என்று சொல்லக்கூடிய இடம் இதுதான். அதிலும் சொல்பவர் ஆசிரியர்.

யார் விடுபட்டுப்போனார்கள் என்பதையும் படிப்பின் பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். தார்ன்டனின் ஆலைக்கு வரும் பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கத் தெற்கில் அடிமைகள் பறித்தது. கூலி, வேலைநிறுத்தம் பற்றி அத்தனை கேள்வி கேட்கும் நாவல் பஞ்சு எங்கிருந்து வருகிறது என்று நின்று கேட்காது. ஆலிவருக்காக அழவைத்த டிக்கன்ஸ், 1857 கிளர்ச்சியின்போது நண்பர் ஏஞ்சலா பர்டெட் கூட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தன்னிடம் இந்தியாவின் படைத்தலைமை இருந்தால் அந்த இனத்தையே ஒழிக்கப் பார்ப்பேன் என்ற பொருளில் எழுதினார். 1865இல் ஜமைக்காவில் கவர்னர் ஐர் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களைக் கொன்றுகுவித்தபோது டிக்கன்ஸ், கார்லைல், ரஸ்கின், டென்னிசன் எல்லாம் கவர்னர் பக்கம். எதிர்ப் பக்கத்தில் மில், டார்வின், ஹக்ஸ்லி. இதைப் படித்துவிட்டு நாவலைத் தூக்கி எறிய வேண்டாம், அக்கறைக்கு எல்லை எங்கே போடப்பட்டிருந்தது என்று வரைபடம் கிடைக்கிறது. டிக்கன்ஸ் கற்றுக்கொண்ட இடமும் உண்டு. 'ஆலிவர் ட்விஸ்ட்'இல் வரும் திருடர் தலைவன் ஃபேகினை 'அந்த யூதன்' என்றே திரும்பத் திரும்பச் சொன்னதை எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி 1863இல் கடிதம் எழுதிக் கண்டித்தார். பிற்காலப் பதிப்பில் அந்தச் சொல்லைப் பல இடங்களில் அவர் நீக்கினார்.

உழைக்கும் மக்கள் என்ன படித்தார்கள்? வாரம் ஒரு பென்னிக்கு விற்ற கதைகள். அதன் ராஜா ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ். 1844இல் தொடங்கிய அவருடைய 'மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்' பிரபுக்களின் ஊழலையும் சேரிகளின் குரூரத்தையும் ஒருசேரக் கொட்டியது. அவரே சார்ட்டிஸ்ட் இயக்க மேடைகளில் பேசியவர். உங்கள் பாடத்திட்டத்தில் அவர் பெயர் இருக்காது. ஆனால் தமிழுக்கு அவர் அந்நியர் அல்ல. ஆரணி குப்புசாமி முதலியார் அவர் கதைகளைத் தமிழாக்கித் தள்ளினார். தனித்தமிழுக்குப் பேர்போன மறைமலையடிகளே அவருடைய 'லைலா'வைத் தழுவித்தான் 'நாகநாட்டரசி' எழுதினார். நம் தாத்தாக்கள் விரும்பிப் படித்த விக்டோரியா காலமும் வகுப்பில் நாம் படிக்கும் விக்டோரியா காலமும் வேறுவேறு. இந்தப் பக்கம் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இங்கே நிறைய இடம் கிடக்கிறது.

நடைமுறைக்கு வருகிறேன். பத்து நாவலை நுனிப்புல் மேய்வதைவிட ஒரு நாவலை அதன் அண்டை அயலோடு படியுங்கள். 'ஹார்ட் டைம்ஸ்' சின்னது, அதையே எடுங்கள். 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழ்கள் முழுவதும் 'டிக்கன்ஸ் ஜர்னல்ஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசமாக இருக்கின்றன. பிப்ரவரி 11 கட்டுரையை முதலில் படித்துவிட்டு, நாவலை வாரப் பகுதி வாரப் பகுதியாக, அந்தந்த இதழில் பக்கத்தில் என்ன கட்டுரை வந்தது என்று பார்த்துக்கொண்டே போங்கள். அது முடிந்ததும் அதே இதழில் செப்டம்பரில் தொடங்கும் 'நார்த் அண்ட் சவுத்'துக்குத் தாவுங்கள். ஒரே போராட்டத்தின் நிழலில், ஒரே ஆசிரியர் நடத்திய பத்திரிகையில், இரண்டு நாவல்கள். கேஸ்கலின் தொழிற்சங்கவாதி ஹிக்கின்ஸ் ஸ்லாக்பிரிட்ஜுக்கு எப்படிப் பதிலாக நிற்கிறான் என்று பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் நாவல் வந்த தேதியும் கதை நடக்கும் காலமும், வலப்பக்கம் தொடர்புள்ள சட்டத்தின் தேதியும் எழுதி வாருங்கள், பாதிக் கட்டுரை அதிலேயே எழுதி முடிந்துவிடும்.

தேர்வு விடைத்தாளில் இதெல்லாம் எடுபடுமா என்று கேட்பீர்கள். திருத்துபவர் எதிர்பார்க்கும் வரிகளை முதல் பத்தியில் கொடுத்துவிடுங்கள், அதில் ஒன்றும் குற்றமில்லை. இரண்டாம் பத்தியிலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது யாரிடம் பேசுகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று எழுதுங்கள். ஸ்டீபன் பிளாக்பூலின் வாக்கு ஒன்றே இரண்டு பக்கத்துக்குப் போதும். அந்த வெட்டுப்பட்ட பகுதி உங்கள் பதிப்பில் இருக்கிறதா என்று பின்னிணைப்பிலோ குறிப்புகளிலோ தேடிப் பாருங்கள், நல்ல ஆய்வுப் பதிப்புகளில் கொடுத்திருப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் இங்கேயே கீழே எழுதுங்கள், அந்தப் பகுதி எந்த அத்தியாயத்தில் எங்கே வரவேண்டியது என்று பார்த்துச் சொல்கிறேன்.